‘வேலை நின்றுவிட்டது’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

கடலூரில் மழைநீர் வடிகால் கட்டும் வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. மழையால் வேலை நின்றுபோனதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். மூன்றே வரி: ‘த வொர்க் இஸ் ஸ்டாப்டு ஃப்ரம் 12த். ப்ராக்ரஸ் இஸ் ஹால்ட்டிங். வீ ஹேவ் அபாண்டன்டு த சைட் டில் த வாட்டர் கோஸ்.’ முதலாளி படித்துப் பார்த்து, இதை அனுப்பாதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எது தப்பு என்று சொல்லவில்லை. ஸ்டாப், ஹால்ட், சஸ்பெண்ட், ஸ்டால், அபாண்டன் எல்லாமே நிறுத்துவதுதானே, எதை எங்கே போடுவது என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் முதலாளி செய்தது சரி. மூன்று வரியிலும் தப்பு இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே அளவுத் தப்பு இல்லை. முதல் இரண்டு வரி இலக்கணப் பிழை. படிப்பவர் குழம்பினாலும் கேட்டுத் தெரிந்துகொள்வார். மூன்றாவது வரி பணத்தில் போய் முடியும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் புதுச்சேரியில் ஒரு கான்ட்ராக்டர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கடிதப் போக்குவரத்து பார்த்தவன். சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தடுப்புச் சுவர் வேலை. ஐப்பசி மழையில் அஸ்திவாரப் பள்ளம் முழுக்கத் தண்ணீர். மோட்டார் போட்டு இறைத்தால் இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஊறிவிடும். சென்ட்ரிங் பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. கட்டி வைத்த கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, ‘டெம்பரரிலி அபாண்டன்டு’ என்று நான் கடிதம் எழுதினேன். ‘தற்காலிகமாக விட்டிருக்கிறோம்’ என்பதுதான் என் மனதில் இருந்தது. பத்து நாளில் பதில் வந்தது. வேலையைக் கைவிட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஒப்பந்தத்தை ஏன் முடித்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அதற்கு விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம் என்று அடுத்த மழைக்காலம் வரை இழுத்தது. ஒரு சொல்லுக்காக முதலாளி எத்தனை முறை அந்தப் படியேறி இறங்கினார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். அன்றிலிருந்து இந்தச் சொற்களில் எதையும் அகராதியில் பார்க்காமல் எழுதுவதில்லை.

அபாண்டன் என்றால் கைவிடுதல். திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் விட்டுப் போவது. அதற்கு முன்னால் டெம்பரரிலி போட்டாலும் ஒப்பந்தத்தைப் படிப்பவர் கண்ணுக்கு அபாண்டன்தான் தெரியும். மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். 15ஆம் பிரிவு சஸ்பென்ஷன் ஆஃப் வொர்க். அதாவது பொறுப்புப் பொறியாளர் எழுத்தில் உத்தரவு போட்டு வேலையை நிறுத்தி வைப்பது. அந்த நிறுத்தம் உங்கள் குற்றத்தால் வந்ததாக இல்லையென்றால், நின்ற நாட்களுக்குக் கால நீட்டிப்பு கேட்க உங்களுக்கு வழி உண்டு. 13ஆம் பிரிவு ஃபோர்க்ளோஷர். வேலை கொடுத்தவரே திட்டத்தை விட்டுவிடுவதாலோ சுருக்குவதாலோ ஒப்பந்தத்தைப் பாதியில் முடிப்பது. 3ஆம் பிரிவு, கான்ட்ராக்டர் பக்கத்துத் தவறுக்காக ஒப்பந்தத்தையே ரத்து செய்வது. மூன்றிலும் களத்தில் நடப்பது ஒன்றுதான், வேலை நிற்கிறது. ஆனால் எந்தச் சொல்லை எழுதுகிறீர்களோ அந்தப் பிரிவுக்குள் நீங்களே நடந்துபோய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். உங்கள் வேலையின் ஒப்பந்தம் வேறு படிவமாக இருக்கலாம், எண்கள் மாறலாம். சொற்கள் பெரும்பாலும் இவைதான். கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எடுத்தாளுங்கள்.

சரி, ஐந்து சொல்லில் எதை எங்கே போடுவது? இதற்கு ஆங்கில அகராதிக்கு ஓடும் முன்னால் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள் என்பேன். பாதி விடை நம் வாயிலேயே இருக்கிறது. வேலை நின்றது. வேலையை நிறுத்தினார்கள். நிறுத்தி வைத்தார்கள். நிறுத்திவிட்டார்கள். இந்த நான்கையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ‘நின்றது’ தானாக நடந்தது, யாரும் கை வைக்கவில்லை. ‘நிறுத்தினார்கள்’ என்றால் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். ‘நிறுத்தி வைத்தார்கள்’ என்னும்போது அந்த ‘வை’ ஒரு பெரிய வேலை செய்கிறது. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைப்பது அது. சஸ்பெண்ட், புட் ஆன் ஹோல்ட் இரண்டுக்கும் நேரான தமிழ் இந்த ‘வை’தான். ‘நிறுத்திவிட்டார்கள்’ என்பதில் வரும் ‘விடு’ கதவைச் சாத்துகிறது. அது டிஸ்கன்டின்யூ பக்கம், டிராப் பக்கம்.

ஆங்கிலத்தில் ஸ்டாப் என்ற ஒரே சொல் ‘நில்’லுக்கும் ‘நிறுத்து’வுக்கும் ஓடுகிறது. ஹால்ட்டும் அப்படித்தான், ஸ்டாலும் அப்படித்தான். ‘த வொர்க் ஸ்டாப்டு’ என்றால் நின்றது, ‘வீ ஸ்டாப்டு த வொர்க்’ என்றால் நிறுத்தினோம். நாம் தமிழில் நினைத்து எழுதும்போது இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். நின்றது என்று சொல்ல நினைத்து ‘இஸ் ஸ்டாப்டு’, ‘வாஸ் ஸ்டாப்டு’ என்று எழுதிவிடுகிறோம். அது நிறுத்தப்பட்டது என்றாகி, யார் நிறுத்தியது என்ற கேள்வி வந்து நிற்கிறது. மழையால் தானாக நின்றதென்றால் ‘த வொர்க் ஸ்டாப்டு’ அல்லது ‘கேம் டு எ ஹால்ட்’ போதும். பொறுப்புப் பொறியாளர் வந்து பார்த்து, நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தாரா? அப்போது ‘வாஸ் சஸ்பெண்டட்’ என்று எழுதி, யார் உத்தரவு, என்ன தேதி என்பதையும் சேர்த்துவிட வேண்டும். இதில் நீங்கள் எது என்று எனக்குச் சொல்லவில்லை. கடிதம் எழுதும் முன் முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

உங்கள் முதல் வரியில் இன்னொரு சிக்கல், அந்த ஃப்ரம். ‘12ஆம் தேதியிலிருந்து வேலை நின்றுவிட்டது’ என்பது நல்ல தமிழ். அந்த ‘இலிருந்து’வை அப்படியே ஃப்ரம் ஆக்கினால் ஆங்கிலத்தில் இடிக்கும். ஸ்டாப் ஃப்ரம் என்று சேர்ந்து வந்தால் ‘செய்யவிடாமல் தடுப்பது’ என்ற பொருள் முந்திக்கொண்டு வரும், ‘ஸ்டாப்டு ஃப்ரம் என்டரிங்’ என்பது போல. நிற்பது ஒரு கணத்தில் நடந்து முடிகிற காரியம். அதற்கு நாளைச் சொல்ல ஆன் போதும்: ‘வொர்க் ஸ்டாப்டு ஆன் த 12த்.’ நின்ற நிலை இன்னும் தொடர்கிறது என்று சொல்ல வேண்டுமானால் சின்ஸ், அதோடு ஹேஸ் பீன்: ‘வொர்க் ஹேஸ் பீன் அட் எ ஸ்டேண்ட்ஸ்டில் சின்ஸ் த 12த்.’ அரசு நடையில் எழுத ஆசைப்பட்டால் ‘சஸ்பெண்டட் வித் எஃபெக்ட் ஃப்ரம் த 12த்’ என்று எழுதலாம், அங்கே ஃப்ரம் தன் இடத்தில் இருக்கிறது. ஆனால் உத்தரவு இருந்தால் மட்டும். ஸ்டேண்ட்ஸ்டில் ஒரே சொல், நடுவில் இடம் விட்டு எழுதாதீர்கள்.

அடுத்து ஹால்ட். இந்தச் சொல் நம் ஊரில் ரொம்ப நாளாகப் புழங்குகிறது. கிராமத்துக்குக் கடைசி டிரிப் போய் அங்கேயே நின்று, விடியற்காலையில் முதல் டிரிப்பாகத் திரும்பும் பஸ்ஸை நைட் ஹால்ட் வண்டி என்றுதானே சொல்கிறோம். ரயில் பாதையில் பிளாட்பாரமும் ஒரு சின்ன டிக்கெட் கவுன்ட்டரும் மட்டும் உள்ள குட்டி நிலையம் ஹால்ட். இது ஜெர்மன் மொழியிலிருந்து படையினர் வழியாக வந்த சொல். நடந்துகொண்டிருக்கிற அணியை நில் என்று நிறுத்துவது. அதனால் ஹால்ட்டுக்குள் ஓட்டம் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தது நின்றால்தான் ஹால்ட். டெண்டரே திறக்காத வேலையை ஹால்ட்டட் என்று எழுத முடியாது, அது டிலேடு அல்லது போஸ்ட்போன்டு.

இப்போது உங்கள் ‘ப்ராக்ரஸ் இஸ் ஹால்ட்டிங்’. ‘முன்னேற்றம் நின்றுகொண்டிருக்கிறது’ என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் ஹால்ட்டிங் என்று ஒரு பெயரடை உண்டு, அதன் பொருளே வேறு. தயங்கித் தயங்கி, விட்டு விட்டு என்று அர்த்தம். ‘ஹால்ட்டிங் இங்கிலீஷ்’ என்றால் திக்கித் திணறிப் பேசும் ஆங்கிலம். ‘ஹால்ட்டிங் ப்ராக்ரஸ்’ என்றால் நொண்டி நொண்டி நடக்கும் முன்னேற்றம். இந்த ஹால்ட்டுக்கும் படையினரின் ஹால்ட்டுக்கும் உறவே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ஹால்ட் என்றால் கால் ஊனமுற்றவர், அந்த வேரிலிருந்து வந்தது இது. ஆக, நீங்கள் எழுதிய வரியைப் படிக்கும் அதிகாரி, வேலை மெதுவாகவாவது நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. நின்றதைச் சொல்ல வந்த கடிதம், நடப்பதைச் சொல்லிவிடும். ‘ஹால்ட்டிங் த ப்ராக்ரஸ்’ என்று நடுவில் த வந்தால் மறுபடி பொருள் மாறி, முன்னேற்றத்தைத் தடுத்து நிறுத்துவது என்றாகிறது. ஒரு த போடுவதிலும் விடுவதிலும் இவ்வளவு இருக்கிறது.

அந்தச் சின்னச் சொற்களில்தான் நாம் அதிகம் வழுக்குகிறோம். தமிழில் எ, த என்று எதுவும் இல்லை, அதனால் காது அதைத் தேடுவதில்லை. ‘கேம் டு ஹால்ட்’ என்று நூறு கடிதங்களில் பார்த்திருக்கிறேன். ‘கேம் டு எ ஹால்ட்’ என்று எழுத வேண்டும். ‘புட் இன் ஹோல்ட்’ இல்லை, ‘புட் ஆன் ஹோல்ட்’. நிறுத்தச் சொல்லி முடிவெடுத்தால் ‘கால்டு எ ஹால்ட் டு த வொர்க்’, அந்த டு விழுந்துவிடக் கூடாது. அப்புறம் ‘கிரவுண்ட் டு எ ஹால்ட்’. அரைப்பது என்ற கிரைண்டின் இறந்தகாலம் இந்த கிரவுண்ட், தரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்திரம் கரகரவென்று தேய்ந்து, வேகம் குறைந்து, கடைசியில் அசையாமல் நிற்கிற காட்சி அது. சிமென்ட் வரவில்லை, ஆள் குறைந்தது, பில் பாஸாகவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாக முடங்கிய வேலைக்குப் பொருத்தமான சொல். ஒரே ராத்திரியில் கெடிலம் ஆற்றில் வெள்ளம் வந்து நின்ற வேலைக்குப் பொருந்தாது.

ஸ்டால் என்பதை பைக் ஓட்டுகிறவர்களுக்கு எளிதாக விளக்கலாம். கிளட்சைச் சட்டென்று விட்டால் இன்ஜின் உதறி அணைந்துவிடுகிறதே, அதுதான் ஸ்டால். யாரும் சாவியைத் திருப்பி அணைக்கவில்லை, தேவையான விசை கிடைக்காமல் நின்றுபோனது. நிலம் கையகப்படுத்துவது முடியாததாலோ நிதி வராததாலோ முடங்கிக் கிடக்கும் திட்டத்துக்கு இது அச்சாகப் பொருந்தும். நாம் தமிழில் முடங்கியது, தேங்கியது என்கிற இடம். ஆனால் ஒரு மனிதரைச் சொல்லி ‘ஹீ இஸ் ஸ்டாலிங்’ என்று எழுதினால் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று குற்றம் சாட்டுவதாகிவிடும். அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அது வேண்டாம்.

கிடப்பில் போடுவதற்கு ஷெல்வ். அலமாரியில் தூக்கி வைப்பது என்ற படம், நம் கிடப்புக்கு ரொம்பக் கிட்டத்தில் வருகிறது. இது திட்டத்துக்கும் யோசனைக்கும் மட்டும். தோண்டிய பள்ளத்தை அலமாரியில் வைக்க முடியாது, எனவே நடக்கிற வேலைக்கு ஷெல்வ் போடாதீர்கள்.

இந்தச் சேர்க்கைப் பொருத்தம்தான் ப்ராக்ரஸ் விஷயத்தில் முக்கியம். வேலையை சஸ்பெண்ட் செய்யலாம், அபாண்டன் செய்யலாம். திட்டத்தை ஷெல்வ் செய்யலாம். ப்ராக்ரஸை இதில் எதுவும் செய்ய முடியாது. முன்னேற்றம் தேங்கும், குறையும், தடைபடும், ஸ்டால் ஆகும், ஹால்ட் ஆகும், அவ்வளவுதான். அது எண்ண முடியாத பெயர், ‘எ ப்ராக்ரஸ்’ என்றோ ப்ராக்ரஸஸ் என்று பன்மையிலோ எழுதக் கூடாது. சாலை வேலை நடக்கும் இடங்களில் ‘வொர்க் அண்டர் ப்ராக்ரஸ்’ என்று பலகை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். ‘இன் ப்ராக்ரஸ்’ என்பதுதான் சரி. அண்டர் வேண்டுமென்றால் ‘அண்டர் வே’ என்று எழுதலாம்.

ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எத்தனை வித்தியாசம் என்பதற்கு நம் பக்கத்து ஆலையே சாட்சி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்தப் புயலில் புதுச்சேரி ஏ.எஃப்.டி. பஞ்சாலையும் பலத்த சேதமடைந்தது, உற்பத்தி நின்றது. அது ‘கேம் டு எ ஹால்ட்’. பிறகு தொழிலாளர்கள் வருடக்கணக்கில் லே ஆஃபில் இருந்தார்கள். 2020 ஏப்ரல் 30 முதல் ஆலை மூடப்பட்டது. அது க்ளோஷர். மூன்றையும் ‘மில் நின்றுபோச்சு’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுச் சட்டத்தில் லே ஆஃபும் க்ளோஷரும் தனித்தனியாக விளக்கப்பட்ட சொற்கள். லே ஆஃப் என்றால் வேலை கொடுக்க முடியாத நிலை, ஆனால் ஆள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். தகுதி உள்ளவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடு உண்டு. அமெரிக்கச் செய்திகளில் அதே லே ஆஃப் ஆட்குறைப்பைக் குறிக்கிறது, வேலையே போய்விட்டது என்று. இணையத்தில் படித்த ஆங்கிலத்தை எடுத்து நம் ஊர்க் கடிதத்தில் போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இதையொட்டி ஒரு எச்சரிக்கை. ‘வேலை நிறுத்தம்’ என்று சேர்த்துச் சொன்னால் தமிழில் அது தொழிலாளர் போராட்டம். ‘வேலையை நிறுத்துதல்’ வேறு. ஆங்கிலத்தில் ‘வொர்க் ஸ்டாப்பேஜ்’ என்பதற்கும் அந்த வாசனை உண்டு. பத்திரிகை படித்துப் பழகியவர்கள் அதை ஸ்ட்ரைக் என்றே எடுத்துக்கொள்ளலாம். மழையால் நின்ற வேலைக்கு அதைத் தலைப்பாகப் போட்டு, ஆட்கள் தகராறு என்று நினைக்க வைக்காதீர்கள்.

நீதிமன்றம் நிறுத்தினால் ஸ்டே. அதிலும் எதை நிறுத்தியது என்று பார்த்து எழுத வேண்டும். சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் தொடங்கி வைத்தார்கள். 2007இல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலத்துக்குச் சேதம் வரக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது, மற்றப் பகுதியில் தூர்வாரத் தடை சொல்லவில்லை. ‘த ப்ராஜெக்ட் வாஸ் ஸ்டேய்டு’ என்று மொத்தமாக எழுதினால் நீதிமன்றம் சொல்லாததைச் சொன்னதாகும். பின்னாளில் மற்ற இடத்திலும் தூர்வாரல் நின்று, திட்டம் முழுவதும் முடங்கியது. அதற்கு ஸ்டால்டு பொருந்தும்.

நின்றதைச் சொன்னவர் மறுபடி தொடங்குவதையும் சொல்ல வேண்டும். பலர் ‘வில் கன்டின்யூ’ என்று எழுதுகிறார்கள். கன்டின்யூ என்றால் நிற்காமல் தொடர்வது. நின்ற வேலையை மீண்டும் எடுத்தால் ரெஸ்யூம். கிடப்பில் போன திட்டத்துக்கு உயிர் வந்தால் ரிவைவ். அபாண்டன் செய்ததை ரெஸ்யூம் செய்வதாக எழுதினால் ஒன்றுக்கொன்று முரண், உங்கள் மூன்றாவது வரியில் ‘தண்ணீர் போகும்வரை’ என்று இருப்பதே அந்த முரணைக் காட்டுகிறது. ‘வாட்டர் கோஸ்’ என்பதும் பேச்சு வழக்குதான். தண்ணீர் வடிவதற்கு ரிஸீட்ஸ் என்று ஒரு அழகான சொல் இருக்கிறது, வெள்ளச் செய்திகளில் தினமும் வரும்.

நிறுத்தச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை, மழையால்தான் நின்றது என்று வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை இப்படித் திருத்துவேன்:

‘வொர்க் ஆன் த ட்ரெய்ன் கேம் டு எ ஹால்ட் ஆன் த 12த், வென் ரெய்ன்வாட்டர் ஃப்ளடட் த ட்ரெஞ்ச். டீவாட்டரிங் இஸ் இன் ப்ராக்ரஸ். வீ வில் ரெஸ்யூம் வொர்க் அஸ் ஸூன் அஸ் த வாட்டர் ரிஸீட்ஸ். வீ ரிக்வெஸ்ட் தட் த டேஸ் லாஸ்ட் பி ரெக்கார்டட் அஸ் எ ஹிண்ட்ரன்ஸ்.’

இதில் நடுவில் உள்ள டீவாட்டரிங், அதாவது தண்ணீரை இறைத்து வெளியேற்றுவது பற்றிய வரியைக் கட்டாயம் போடுங்கள், மோட்டார் ஓடுகிறதென்றால். நீங்கள் இடத்தை விட்டுப் போகவில்லை என்பதற்கு அதுதான் ஆதாரம். கடைசி வரியில் ஹிண்ட்ரன்ஸ் என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். சைட்டில் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர், அதாவது வேலைக்கு வந்த தடைகளைக் குறித்து வைக்கும் பதிவேடு இருக்கும், பிற்பாடு கால நீட்டிப்பு கேட்கும்போது அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். கடிதத்தை அனுப்பும் முன் அந்த ரிஜிஸ்டரில் இந்த மழை ஏறியிருக்கிறதா, தேதி 12 என்றே இருக்கிறதா, இரண்டு பக்கத்துக் கையெழுத்தும் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.